மேய்ச்சல் நிலத்தில் மரநிழலின் அவசியம்
(ஆலங்குளம் வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குரிய பாடம்)

சித்திரை, வைகாசி மாதங்களில் நடுப்பகல் வேளையில் ஒரு செம்மறி மந்தையைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும. ஆடுகள் மேய்வதை நிறுத்தி, வட்டமாகக் கூடி, ஒன்றன் வயிற்றடியில் மற்றொன்று தலையை நுழைத்துக் கொண்டு அசையாமல் நிற்கும். அவை தேடுவது புல் அன்று, நிழல். சுற்றிலும் மரம் இல்லாமையால், தம் இனத்தின் உடலையே அவை நிழலாகக் கொள்கின்றன. தலைக்கு மட்டும் நிழல் கிட்டுகிறது; முதுகு வெயிலில் காய்கிறது; நெருக்கத்தினால் உடற்சூடு மேலும் வளர்கிறது.

கால்நடைக்குத் தீவனமும் தண்ணீரும் வேண்டுமென்பதைக் குடியானவர் எவரும் அறிவர். நிழலும் அவற்றோடு ஒத்த அவசியமே என்பதையும், அந்நிழலை ஒரு கிராமத்தார் கூடி எவ்வாறு உண்டாக்கலாம் என்பதையும் எடுத்துக் காட்டுவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. உஷ்ணம் வரும் வழியும் போகும் வழியும்

மாட்டின் சாதாரண உடல் உஷ்ணம் சுமார் 101½ டிகிரி பாரன்ஹீட். செம்மறி, வெள்ளாடுகளுக்கு 102 முதல் 103 டிகிரி வரை இருக்கும். இந்த அளவைக் காப்பாற்றிக் கொண்டால்தான் தீனி செரித்தல், பால் சுரத்தல், சினை தங்குதல் ஆகிய காரியங்கள் ஒழுங்காக நடைபெறும்.

உடலுக்கு உஷ்ணம் இரண்டு வழிகளில் வந்து சேருகிறது. முதலாவது, உள்ளே உண்டாவது. அசைபோடும் பிராணிகளின் பெருவயிற்றில் தழையும் வைக்கோலும் புளித்துச் செரிக்கும்போது மிகுந்த சூடு பிறக்கிறது. இரண்டாவது, வெளியிலிருந்து வருவது. மேலே சூரியன், கீழே காய்ந்த தரை ஆகிய இரண்டும் பிராணியை இருபுறமும் சுடுகின்றன. புல்லில்லாத வெறுந்தரையின் சூடு கோடை நடுப்பகலில் காற்றின் சூட்டை விட மிக அதிகமாக உயரும். வெறுங்காலுடன் கரிசல் நிலத்தில் நடந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

காற்று குளிர்ச்சியாக இருக்கும்போது இச்சூடு தோலின் வழியே தானாகவே வெளியேறிவிடும். காற்றின் உஷ்ணம் தோலின் உஷ்ணத்தை எட்டிவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. பிறகு வேர்வையும் மூச்சுமே எஞ்சிய வழிகள். இவ்வட்டாரத்தில் கோடையில் வெயில் 100 டிகிரி பாரன்ஹீட்டை எட்டுவதும் தாண்டுவதும் சாதாரணமாதலால், பகலின் பெரும்பகுதி கால்நடைகள் இந்த நெருக்கடியிலேயே கழிக்கின்றன.

எல்லாப் பிராணிகளும் இதனை ஒரேவிதமாகத் தாங்குவதில்லை. திமிலும் தொங்கு தாடியும் உடைய நாட்டு மாடு நன்றாக வேர்க்கும். அதன் மயிர் குட்டையாதலால் சூடு எளிதில் வெளியேறும். ஜெர்ஸி முதலிய சீமை இனங்களின் கலப்புப் பசு அதிகப் பால் கொடுப்பதால் அதிகத் தீனி தின்கிறது. அதனால் உள்ளே உண்டாகும் சூடும் அதிகம். எருமைக்கு வேர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. கறுத்த தோல் வெயிலை உறிஞ்சும். அது சேற்றிலும் குளத்திலும் கிடப்பது சோம்பலினால் அன்று. உயிர் காத்துக் கொள்வதற்கே. செம்மறியும் வெள்ளாடும் பெரும்பாலும் மூச்சினாலேயே சூட்டைத் தணித்துக் கொள்கின்றன. இவ்வட்டாரத்துக்குரிய வேம்பூர்ச் செம்மறியும் கன்னி வெள்ளாடும் வெயிலுக்குப் பழகியவையே. எனினும், பழகியது என்பதற்கு நஷ்டமில்லை என்று பொருளன்று.

2. அறிகுறிகளும் நஷ்டமும்

கால்நடைக்கு உஷ்ணம் மிஞ்சியுள்ளதா என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நிற்கும் மாட்டின் விலாப்புறத்தைப் பார்த்து, ஒரு நிமிஷத்தில் அது எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணினால் போதும். களைப்பின்றி நிழலில் நிற்கும் வளர்ந்த மாட்டிற்கு இவ்வெண் சுமார் 20 முதல் 30 வரை இருக்கும். 60-ஐத் தாண்டினால் மாடு சிரமப்படுகிறது. வாயைத் திறந்து, நாக்கு வெளியே தள்ளி, எச்சில் ஒழுக மூச்சு வாங்கினால் அது ஆபத்தான நிலை. அப்போது பிராணியை உடனே நிழலுக்குக் கொண்டுபோய், குடிக்கத் தண்ணீர் கொடுத்து, உடலை நனைத்து, காற்றுப்படச் செய்ய வேண்டும்.

ஆபத்தான நிலை வரும் முன்னரே நஷ்டம் தொடங்கிவிடுகிறது. மூச்சு வாங்கும் மாடு சரிவர அசைபோடாது. அசைபோடாத மாடு, வயிறு காலியாகாததால், மறுபடியும் நன்றாக மேயாது. பால் குறைகிறது. பசு பருவத்துக்கு வருவது மறைகிறது. வந்து சேர்த்தாலும் சினை தங்குவதில்லை. கோடையில் எருமைகள் பருவத்துக்கு வராமல் மாதக்கணக்கில் வெறுமனே நிற்பதைப் பலரும் கண்டிருக்கின்றனர். கடன் வாங்கிப் பசு வாங்கிய அங்கத்தினருக்கு, சினை ஒரு பருவம் தவறுவது தவணை தவறுவதற்கு முதற்காரணமாகிறது. ஆகவே நிழல் என்பது மாட்டின் சுகத்தைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. சங்கக் கணக்கைப் பற்றிய விஷயமுமாகும்.

3. மரநிழலும் தகரநிழலும்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தின் வெப்பப் பிரதேசங்களில் 1950-ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆராய்ச்சிகளில், வெயிலில் நிற்கும் பிராணியின் மேல் கதிர்களாக விழும் உஷ்ணத்தில் 30 சதவீதமும் அதற்கு மேலும் ஒரு சாதாரண நிழலினாலேயே குறைகிறது என்று கண்டனர். நிழலில் காற்றின் சூடு அதிகம் குறைவதில்லை. பிராணியின் மேல் நேராக விழும் வெயிலே தடைபடுகிறது. பயன் அதனால் வருகிறது.

அப்படியாயின் ஒரு தகரக் கொட்டகை போட்டால் போதாதா என்று கேட்கலாம். தகரம் தானும் சூடேறி, அச்சூட்டைக் கீழே நிற்கும் மாட்டின் முதுகில் இறக்குகிறது. மரத்தின் இலையோ வேர் கொண்டுவரும் நீரை ஆவியாக வெளிவிட்டுத் தன்னைத் தானே குளிர்வித்துக் கொள்கிறது. மரத்தடியில் நான்கு புறமும் காற்று வீசும். தரையும் வெயில் படாமல் குளிர்ந்திருக்கும். கொட்டகை அவசியமான இடத்தில் தகரத்தின் மேல் ஓலை பரப்புவது நலம். மேய்ச்சல் நிலத்திற்கோ மரத்திற்கு ஈடு வேறில்லை.

4. கொறங்காடு என்னும் உதாரணம்

மேய்ச்சலும் மரமும் ஒரே நிலத்தில் இணங்கியிருக்கலாம் என்பதற்குத் தூர தேசம் செல்ல வேண்டியதில்லை. கொங்குநாட்டில் காங்கேயம், தாராபுரம், மூலனூர், கரூர்ப் பக்கங்களில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் நெடுங்காலமாக உள்ளன. மழை குறைந்த அந்த மேட்டுப் பூமியில் குடியானவர்கள் மூன்று தாவரங்களைச் சேர்த்து வளர்த்தனர்: தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் முட்கிளுவை உயிர்வேலி.

இம்மூன்றிற்கும் வெவ்வேறு வேலை உண்டு. கொழுக்கட்டைப் புல் வறட்சியைத் தாங்கி, ஒரு மழை பெய்தால் மீண்டும் தழைக்கும். வெள்வேலின் இலை சிறிதாதலால் நிழல் அடர்த்தியாக விழாமல் சல்லடைபோல் விழும். அதனடியிலும் புல் வளரும். புல் காய்ந்துவிடும் கோடையில் அதன் நெற்றுகள் உதிர்ந்து ஆடுமாடுகளுக்குத் தீனியாகின்றன. கிளுவை வேலியோ மேய்ப்பவனின் வேலையைச் செய்கிறது. உடையவர் தம் நிலத்தைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒன்றை மேய்த்து மற்றொன்றிற்கு ஓய்வு கொடுக்கிறார். காங்கேயம் இனத்து மாடுகள் இத்தகைய நிலங்களில்தான் உருவாயின. அம்மாடுகளையும் பழையகோட்டைப் பட்டக்காரரின் மந்தையையும் பற்றி, சென்னை மாகாண விவசாய இலாகாவைச் சேர்ந்த லிட்டில்வுட் 1936-இல் வெளிவந்த தமது தென்னிந்தியக் கால்நடை நூலில் விவரித்திருக்கிறார்.

இராஜஸ்தானத்து வறண்ட நிலங்களில் வன்னி மரமும் இவ்வாறே பயிருக்கும் மந்தைக்கும் நடுவில் காக்கப்படுகிறது. ஆப்பிரிக்காவில் நைஜர் தேசத்துக் குடியானவர்கள் 1980-ஆம் ஆண்டுகள் முதல், தம் நிலத்தில் பழைய அடிக்கட்டைகளிலிருந்து தானாகத் துளிர்த்த கொம்புகளை வெட்டாமல் காத்து, சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்களை மீட்டனர். அவர்கள் நாற்றங்கால் வைத்து நட்டது சொற்பம். முளைத்ததைக் காத்ததே பெரும்பகுதி. இது நம்மவர் குறித்துக் கொள்ளத்தக்க பாடம்.

5. ஆலங்குளத்தின் நிலை

இங்கே கூறப்படும் ஆலங்குளம், இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கிழக்கே விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் வேறு. ஊர்ப் பெயரிலேயே ஆலும் குளமும் உள்ளன. நிழலும் நீரும் அருகருகே இருக்க வேண்டுமென்பதை முன்னோர் அறிந்திருந்தனர் என்று இதனால் கொள்ளலாம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால், மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்திலேயே கிடைக்கிறது. தை பிறந்த பின் புல் காயத் தொடங்கும்.

முற்காலத்தில் கோடை வந்தால் மலையடிவாரக் கிராமங்களின் மந்தைகள் மலைக்காட்டிற்கு ஏறும். அக்காடு 1988-இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் அமைந்தது. சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் கால்நடை மேய்ப்பதை 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை செய்தது. ஆதலால் சமவெளிக் கிராமத்தின் மேய்ச்சல் புறம்போக்கும் குளத்தங்கரையும் தரிசும் முன்னிலும் அருமையாகிவிட்டன.

அந்நிலங்களோ பெரும்பாலும் இரண்டு கோலத்தில் காணப்படுகின்றன: ஒன்று, மரமே இல்லாத பொட்டல், மற்றொன்று, சீமைக் கருவேலம் புகுந்து அடைத்துக் கொண்ட புதர். 1877-இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம் விறகிற்கும் கரிக்கும் உதவியது மெய்யே. ஆயினும் புதராக அடர்ந்த இடத்தில் புல் முளைப்பதில்லை. மாடு நுழைய முடிவதில்லை. நுழைய முடியாத நிழல் மந்தைக்கு நிழலாகாது.

கொறங்காட்டிற்கும் இவ்வூர் நிலத்திற்கும் உள்ள முக்கியமான வேற்றுமையையும் மறைக்கலாகாது. கொறங்காடு ஒருவருடைய பட்டா நிலம். வேலியடைக்கவும் ஓய்வு கொடுக்கவும் அவர் ஒருவரே தீர்மானிக்கலாம். இங்கே மேய்ச்சல் நிலம் ஊருக்குப் பொது. ஒருவர் நட்ட கன்றை மற்றொருவர் ஆடு கடித்துவிடும். ஆதலால் மரம் வளராமைக்கு மண்ணும் மழையும் மட்டும் காரணமல்ல. முதல் மூன்று ஆண்டு காவல் இல்லாமையே பெருங்காரணம். கொங்குநாட்டில் கிளுவை வேலி செய்யும் வேலையை இங்கே சங்கத்தின் கட்டுப்பாடு செய்ய வேண்டும்.

6. எந்த மரம், எத்தனை மரம்

நிழலும் தீனியும் ஒருங்கே தருவன வெள்வேலும் கருவேலும். கரிசல் மண்ணுக்கும் குளத்து உள்வாய்க்கும் நாட்டுக் கருவேலும், செம்மண் மேட்டிற்கு வெள்வேல், குடைவேல் ஆகியவையும் ஏற்றவை. வேம்பு கோடையில் புதுத்தழை விட்டு நல்ல நிழல் தரும். குளத்தங்கரையில் ஆல், அரசு ஆகியவற்றைக் கனத்த போத்தாக நட்டால் கன்றைவிட விரைவில் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் அடையும். புளி அடர்ந்த நிழல் தரும். அதனடியில் புல் சரியாக வளராதாகையால் அதனைப் பாதையோரத்திற்கும் மந்தை இளைப்பாறும் இடத்திற்கும் வைத்துக் கொள்ளலாம்.

எத்தனை மரம் வேண்டும் என்பதை ஓர் உதாரணக் கணக்கினால் அறியலாம். வளர்ந்த மாடு ஒன்றிற்கு 5 சதுர மீட்டரும், ஆடு ஒன்றிற்கு 1 சதுர மீட்டரும் நிழல் வேண்டுமென்று கொள்வோம். ஓர் ஊரில் 60 மாடுகளும் 200 ஆடுகளும் உள்ளன எனில், மாடுகளுக்கு 300, ஆடுகளுக்கு 200, ஆக 500 சதுர மீட்டர் நிழல் வேண்டும். கிளைகள் 8 மீட்டர் அகலம் பரந்த மரம் உச்சிவேளையில் சுமார் 50 சதுர மீட்டர் நிழல் தரும். ஆக 10 மரங்கள் போதும் என்று கணக்கு வருகிறது.

ஆனால் 10 மரத்தடியில் மந்தை முழுவதும் தினந்தோறும் கூடினால் அங்கே புல் மிதிபட்டு அழியும். சாணம் ஓரிடத்தில் குவியும். உண்ணியும் ஈயும் பெருகும். மரங்கள் நிலமெங்கும் பரந்திருந்தால் மந்தையும் பரந்து மேயும். சாணமும் பரவலாக விழுந்து நிலத்திற்கு உரமாகும். 20 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 10 மரம் வரும். அவை முற்ற வளர்ந்த பின்னரும் நிலத்தின் எட்டில் ஒரு பங்கே நிழலில் இருக்கும். புல்லுக்கு வேண்டிய வெயில் குறையாது.

7. சங்கம் செய்யத்தக்கவை

(அ) அனுமதி: மேய்ச்சல் புறம்போக்கு சங்கத்தின் சொத்து அன்று. ஊராட்சியின் தீர்மானமும் வருவாய்த் துறையின் அனுமதியும் பெற்ற பின்னரே எவ்வேலையையும் தொடங்க வேண்டும். எல்லை அளந்து கல் நாட்டிக் கொள்வது பின்னால் வரும் வழக்கைத் தடுக்கும்.

(ஆ) முளைத்ததைக் காத்தல்: நிலத்தில் தானாக முளைத்துள்ள வேல், வேம்புக் கன்றுகளை முதலில் எண்ணிக் குறியிட்டு, ஒவ்வொன்றிற்கும் முள் அடைக்க வேண்டும். இதற்குச் செலவு சொற்பம். வேரூன்றிய கன்றாதலால் பிழைப்பதும் உறுதி.

(இ) விதையும் நடவும்: வேல நெற்றுகளைத் தின்ற வெள்ளாடுகள் இரவில் அசைபோடும்போது விதைகளைக் கீழே துப்பிவிடும். கிடையில் பொறுக்கிய அவ்விதைகள் விரைவில் முளைக்கும். மரத்திலிருந்து எடுத்த விதையாயின், கொதித்து இறக்கிய நீரில் போட்டு ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். ஆடி, ஆவணியில் குழி எடுத்து ஆறவிட்டு, புரட்டாசிக் கடைசி அல்லது ஐப்பசியில் மழை தொடங்கியதும் கன்று நடுவது உத்தமம்.

(ஈ) பகுதி அடைப்பு: நிலம் முழுவதையும் ஒரேயடியாக அடைத்தால் மந்தை பட்டினி கிடக்கும், கட்டுப்பாடும் உடையும். 20 ஏக்கர் நிலமாயின் 5 ஏக்கர் வீதம் நான்காகப் பிரித்து, ஒரு பகுதியை மட்டும் மூன்று ஆண்டு அடைத்து, பின் அடுத்ததற்குச் செல்ல வேண்டும். ஒரு பகுதிக்கு 50 கன்றுகள். 25 அங்கத்தினர் ஆளுக்கு 2 கன்று ஏற்றுக்கொண்டு, முதல் இரண்டு கோடையில் வாரந்தோறும் கன்றுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால், கூலி கொடுக்க வேண்டியதில்லை.

(உ) புல் பங்கீடு: அடைத்த பகுதியில் புல் நன்றாக வளரும். மேயவிடாமல் அறுத்துக் கொண்டுபோக அனுமதிக்கலாம். இப்புல்லை மாட்டுக் கணக்கில் பங்கிட்டால் மாடு அதிகமுள்ளவருக்கே பெரும்பகுதி சேரும். நான்கு ஆடுகளை நம்பிப் பிழைப்பவர் மேய்ச்சலையும் இழந்து பங்கையும் இழப்பார். அவர் இரவில் முள்ளை விலக்கி ஆட்டை உள்ளே விட்டால் குற்றம் அவருடையது மட்டுமன்று. ஆகவே பங்கீடு குடும்பக் கணக்கில் இருக்க வேண்டும். சங்கத்தில் சேராத ஆட்டுக்காரருக்கும் பங்கு உண்டு என்று தீர்மானத்திலேயே எழுத வேண்டும். இந்த ஒரு விதியில் தவறினால் மற்றவையெல்லாம் வீண்.

8. சில எச்சரிக்கைகள்

சீமைக் கருவேலத்தை அகற்றுவது அவசியமே. அதற்கு அரசாங்க உத்தரவுகளும் உள்ளன. எனினும் மாற்று நிழல் வளருமுன் எல்லாவற்றையும் ஒரே நாளில் அழித்தால் மந்தை வெட்டவெளியில் நிற்கும். அதிகாரிகளின் சம்மதத்துடன் பகுதி பகுதியாக வேரோடு களைந்து, களைந்த இடத்தில் உடனே நாட்டு மரம் நடுவது முறை. அதன் நெற்றை மட்டுமே நெடுநாள் தின்னும் ஆடுமாடுகளுக்குத் தாடை விழும் நோய் உண்டாகும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இடி மின்னலுடன் மழை வரும்போது, தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தடியில் மந்தையையோ மேய்ப்பவரையோ நிற்கவிடக் கூடாது. நிழலுக்கு உதவும் மரம் மின்னலுக்கு வழியாகும்.

தீனிக்காகக் கிளை வெட்டுவோர் கோடை கழிந்த பின் வெட்ட வேண்டும்; அதுவும் ஒரு மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. பங்குனியில் மொட்டையடித்த மரம் சித்திரையில் யாருக்கும் உதவாது.

மரம் வளரும் வரையில் மந்தையை வெயிலில் வாட விடவேண்டும் என்பதில்லை. விடியற்காலையில் ஓட்டிச் சென்று, வெயில் ஏறுமுன் கிடைக்கும் நிழலுக்குத் திருப்பி, மாலையில் மறுபடி மேய்ப்பதும், நண்பகலில் தண்ணீர் காட்டுவதும் இன்றே செய்யக்கூடியவை.

அங்கத்தினர் கூட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. உங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்தில் இன்று மந்தை நிற்கத்தக்க மரங்கள் எத்தனை? அவற்றில் கன்றுகள் எத்தனை?

2. உங்கள் ஊரிலுள்ள மாடு, ஆடுகளின் தொகைக்கு எத்தனை சதுர மீட்டர் நிழல் வேண்டும்? கணக்கிடுக.

3. ஒரு நண்பகலில் வெயிலில் நிற்கும் மாடு ஒன்றின் மூச்சையும், நிழலில் நிற்கும் மாடு ஒன்றின் மூச்சையும் எண்ணி, அடுத்த கூட்டத்தில் தெரிவிக்கவும்.

4. எந்த 5 ஏக்கரை முதலில் அடைக்கலாம்? அதனால் மேய்ச்சலை இழப்பவர் யார், யார்? அவர்களுக்குப் புல் எவ்வாறு ஈடு செய்யப்படும்?

நான்காவது வினாவிற்கு, மேய்ச்சலை இழப்பவரையும் கூட்டத்தில் உட்கார வைத்துக்கொண்டு விடை காணவேண்டும். அவ்விடை எழுதப்பட்டுக் கையொப்பமான பின்னரே முதற்குழி வெட்டப்பட வேண்டும்.